சம்மாட்டியாரின் ஐஸ் மெஷின்

என் மனைவியின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதற்குக் காரணமான மனிதர் முல்லைத்தீவுக் கரையில் இன்றும் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு திரிகிறார். சில வருடங்கள் அவரை எப்படி விழுத்துவது என்ற நினைப்போடுதான் நான் படுத்தேன், எழும்பினேன். கோயிலுக்குப் போனாலும் வேண்டுதல் அதுதான்.

நான் ஐஸ் மெஷின் திருத்துகிறவன். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அல்ல, மீனைச் சேர்த்து வைக்கும் வாடிகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கும் பெரிய மெஷின்கள். என் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டி வயல் செய்தவர். எனக்கு வயல் ஒத்துவரவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் தொழில் பழகி, கலியாணம் முடிந்த கையோடு முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டியாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்தமாகப் பல படகுகளும் மீன் வாடியும் வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். அவர் வாடியில் குழாய் ஐஸ் செய்யும் மெஷின் ஒன்று இருந்தது. மெஷினைப் பார்ப்பது நான். அடுத்த அறையில் ஐஸை ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டிகளில் மீனோடு அடுக்கும் பெண்களில் ஒருத்தி என் மனைவி.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிமிர்ந்து நிற்கும் குழாய்களுக்குள்ளே தண்ணீர் வழியும், வெளியே குளிர் காஸ் சுற்றும். தண்ணீர் குழாயின் சுவரில் படிந்து உறையும். ஐஸ் தடித்ததும் ஒரு வால்வு திறந்து சூடான காஸை உள்ளே விடும். ஐஸின் வெளித்தோல் இளகி, முழுக் குழலாகக் கீழே சரிந்து வெட்டுக் கத்தியில் விழும். பிறகு வால்வு மூடிக்கொள்ளும், அடுத்த ஐஸ் உறையத் தொடங்கும். அந்தச் சூட்டு வால்வு இறுக்கமாக மூடாவிட்டால், ஒருபக்கம் குளிர்விக்க மறுபக்கம் சூடு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஐஸ் மெல்லிசாக, நடுவில் பெரிய ஓட்டையோடு விழும். கையில் எடுத்தால் சத்தமில்லாமல் நொறுங்கும்.

அந்த வருடம் சீசன் உச்சத்தில் ஐஸ் அப்படித்தான் விழத் தொடங்கியது. உறையும் நேரத்தில் வால்வுக்கு அப்பால் போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சுடக் கூடாது. சம்மாட்டியாரிடம் போய்ச் சொன்னேன்.

"வால்வு பழுதாப் போச்சு ஐயா. மாத்த வேணும். நான் வவுனியாவுக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன். அதுவரைக்கும் மெஷினை நிப்பாட்டி வைப்பம்."

"சீசனுக்குள்ள மெஷினை நிப்பாட்டவோ? உனக்கென்ன விசரே?"

"ஒரு நாள்தான் ஐயா. மற்றது, இந்தக் கச்சான் காத்துக்கும் வெயிலுக்கும் சூட்டை வெளியில விடுற பின்பக்கக் கொண்டென்சரும் நல்லாச் சூடேறுது. உப்புக் காத்தில அரிச்சுப் போச்சு. பிரஷர் கூடிக்கூடி மெஷின் தானா நிக்கிறதும் அதாலதான். அதையும் பாக்க வேணும்."

அவர் கையை அசைத்தார். போ என்று அர்த்தம். நான் மெஷினை நிறுத்தி, கதவைச் சாத்தி, பெண்களிடமும் சொல்லிவிட்டு வவுனியா பஸ் ஏறினேன்.

நான் போன கையோடு அவர் வேறொரு மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறார். அவன் எங்கிருந்தோ பழைய வால்வு ஒன்றைக் கொண்டுவந்து அவசர அவசரமாக ஒட்டியிருக்கிறான். மெஷின் ஓடியிருக்கிறது. மத்தியான வெயிலில் பிரஷர் கூடி, தானாக நிற்க வைக்கும் சுவிட்ச் வேலை செய்து, மெஷின் நின்றிருக்கிறது. திரும்ப ஓட்ட, திரும்ப நின்றிருக்கிறது. அந்த சுவிட்ச் இருப்பதே மனுசரைக் காப்பாற்றத்தான். அவன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டான். அதற்குப் பிறகு எவ்வளவு பிரஷர் ஏறினாலும் மெஷின் நிற்காது.

மெஷின் நிற்கவில்லை. அவன் ஒட்டிய மூட்டு பிளந்தது.

நான் புது வால்வோடு திரும்பி வந்து புதுக்குடியிருப்பைத் தாண்டும்போது போன் வந்தது. "மெஷின் வெடிச்சிட்டுது, கெதியா வா." அவ்வளவுதான் சொன்னார்கள். வாடிக்கு ஓடினேன். மெஷின் அறையில் ஒருவரும் இல்லை. சுவிட்ச் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அந்தச் சிவப்பு வயரைக் கண்டேன். என்ன நடந்தது என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. படம் எடுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபோதுதான் வெளியிலிருந்து ஒருவர் சொன்னார், "தம்பி, உம்மட மனுசியைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம்."

படத்தையும் வயரையும் மறந்து ஓடினேன்.

ஐஸ் அள்ளச் சவளோடு உள்ளே போனவளின் முகத்தை நோக்கிக் காஸ் பீறியிருக்கிறது. கையால் முகத்தை மறைத்திருக்கிறாள். திரவமாக வரும் அந்தக் காஸ் தோலில் பட்டால் தீயைவிட மோசம், இறைச்சியை உறைய வைத்துவிடும். முகம் தப்பியது. கை வெள்ளையாக, மெழுகுபோல இருந்தது. அவள் அழவில்லை. "கை என்ர கைமாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னாள். பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுக்க வேண்டி வந்தது.

அதற்கு முன்பே, அன்று பின்னேரம், பொலிசைக் கூட்டிக்கொண்டு வாடிக்கு வந்தேன். சுவிட்ச் பெட்டி மூடியிருந்தது. திறந்தேன். வயர் இல்லை.

சம்மாட்டியார் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி பொலிசுக்குச் சொன்னார், "இவன்தான் வால்வைக் கழட்டிப் போட்டு, அரைகுறையில விட்டிட்டு வவுனியாவுக்குப் போனவன். வேற ஒருத்தரும் மெஷினைத் தொடேல்லை." பிறகு என்னைப் பார்க்காமலே, "தோட்டக்காட்டானை நம்பி மெஷினைக் குடுத்தது என்ர பிழை" என்றார்.

பொலிஸ்காரர் பெட்டி அடுக்கும் பெண்களைப் பார்த்தார். வேறு மெக்கானிக் வந்தானா என்று கேட்டார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். "நாங்கள் அங்கால நிண்டனாங்கள், ஒண்டும் தெரியாது" என்றாள் ஒருத்தி. என் மனைவியோடு ஒவ்வொரு மத்தியானமும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சோறு தின்றவள் அவள்.

விசாரணை என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை. ஆனால் அந்தக் கரை முழுக்க என் பெயர் கெட்டது. மனுசியின் கையைத் தானே தின்றவன் என்று கதைத்தார்கள். ஒரு வாடியும் என்னைக் கேற்றுக்குள் விடவில்லை. மனைவியின் தாய் வீடு ஸ்கந்தபுரத்தில். அங்கே போய் ஒதுங்கினோம். கிளிநொச்சியிலிருந்து ஓமந்தை வரை ஏ9 வீதியோரத்து ஹோட்டல்களிலும் ஐஸ்கிரீம் கடைகளிலும் வேலை பிடித்துச் சீவித்தேன்.

அவள் இடக்கையால் எல்லாவற்றையும் திரும்பப் பழகினாள். தேங்காய் துருவுவது, தலை பின்னுவது, கிணற்றில் அள்ளுவது. சம்மாட்டியாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. அவளுக்கும் சேர்த்து நான்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்போல இருந்தது.

ஒரு மெஷினைக் கொல்ல எத்தனையோ வழிகள் எனக்குத் தெரியும். எந்த ஸ்குரூவை எவ்வளவு திருப்பினால் கொம்பிரசர் திரவத்தைக் குடித்துச் செத்துப்போகும் என்று தெரியும். வேலையில்லாத ஒரு நாள் ஸ்பானர் பையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டுவாகல் பாலம் வரை போனேன். பாலத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். சம்மாட்டியார் ஒருநாளும் மெஷினுக்குக் கிட்டப் போவதில்லை. சவளோடு உள்ளே போவது அந்தப் பெண்கள்தான். திரும்பிவிட்டேன். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் இருந்ததென்று சொல்லமாட்டேன். அவரைத் தவிர வேறு ஆள் அடிபட்டால் என் பழி வீணாகிவிடும், அதுதான்.

வழி தானாக வந்தது. அதே கரையில், கொஞ்சம் வடக்கே, சின்னப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் உதவி செய்து அவர்களுக்கு ஒரு ஐஸ் மெஷின் கிடைத்தது. பொருத்தவும் பராமரிக்கவும் ஆள் தேடினார்கள். சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"உம்மைப் பற்றி ஒரு கதை இருக்கு, தெரியும்தானே?" என்றார்.

"தெரியும். நீங்கள் நம்புறியளோ?"

"நம்பினா ஏன் இவ்வளவு தூரம் வாறன்?"

சம்பளம் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. எனக்கு அந்த மெஷினில் சம்மாட்டியாரின் வாடி வெறுமையாவது தெரிந்தது.

வேறு எந்த மெஷினையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. குளிர் காஸை அளந்து விடும் வால்வைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் காத்திருப்பேன், குழாயில் கைவைத்துப் பார்ப்பேன், பிறகு இன்னும் கொஞ்சம் திருப்புவேன். சூட்டு வால்வைக் குறித்த காலத்துக்கு முன்பே கழற்றி, உள்ளே அது படிந்து மூடும் இருக்கையைத் துடைத்து, ரப்பரை மாற்றிப் போடுவேன். ஐஸ் தடியாக, கண்ணாடி மாதிரி விழுந்தது. இரண்டு நாள் கடலில் கிடந்தாலும் கரையவில்லை என்று படகுக்காரர் கதைத்தார்கள். அந்தக் கதை கரையெல்லாம் போனது. முதலில், சம்மாட்டியாரிடம் ஐஸ் எடுத்து அவருக்கே மீன் கொடுத்துவந்த ஒரு படகு அவரை விட்டு எங்கள் பக்கம் வந்தது, பிறகு பக்கத்து வீட்டுப் படகு, பிறகு மச்சான்மாரின் படகுகள். ஒவ்வொன்று வரும்போதும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வேன். அன்று அவள் மீன் பொரிப்பாள்.

அடுத்த சீசனில் சம்மாட்டியாரின் கணக்கப்பிள்ளை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட மெஷினில சின்னப் பிரச்சினை."

"ஐஸ் மெல்லிசா விழுதோ?"

"ஓம் தம்பி."

"நடுவில ஓட்டை பெரிசோ? கையில எடுக்க நொறுங்குதோ?"

"ஓம் ஓம், அப்பிடியேதான்!"

"சரி, வாறன்" என்றேன். போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். போகவில்லை.

அடுத்த நாள் திரும்பவும் எடுத்தார். "வெளிக்கிட்டிட்டன், வந்துகொண்டிருக்கிறன்" என்றேன். நான் அப்போது வீட்டு வேலியடியில் நின்று கோழிக்கூட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாளும் வாறன் என்றேன். அவர்கள் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக் காத்திருப்பதை நினைக்க நினைக்க இனித்தது. வயர் போட்ட அந்த மெக்கானிக் வெளிநாடு போய்விட்டான். கொழும்புக் கொம்பனி ஆட்கள் வரச் சுணங்கும் என்றார்களாம். எங்கள் சங்கத்தில் ஐஸ் கேட்க அவருடைய பெருமை விடவில்லை. அந்தக் கிழமை அவருடைய பாரை மீன் லொறி தம்புள்ளைச் சந்தையிலிருந்து திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். மணம் தாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பிறகு அவரே வந்தார்.

பின்னேரம். மனைவி முற்றத்தில் செத்தல் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். வாகனம் வேலிப் படலையில் நின்றது. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட். ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"தம்பி நிக்கிறாரோ பிள்ளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வாருங்கோ என்று சொல்லவில்லை. மிளகாய்ச் சுளகை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். நான் குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தேன்.

"தம்பி, பழசை மனசில வைச்சிருக்காதேங்கோ. நீங்கள் கேக்கிறதைத் தாறன். ஒருக்கா வந்து பாருங்கோ." டேய் என்றும் நீ என்றும் கூப்பிட்ட வாயிலிருந்து தம்பியும் நீங்களும் வந்தன.

"காசு வேண்டாம்" என்றேன். "வயர் போட்டது ஆர், அதைக் கழட்டினது ஆர் எண்டு கரையில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. சொன்னா வாறன்."

அவர் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது முடிஞ்ச கதை தம்பி."

"அப்ப உங்கட மெஷினும் முடிஞ்ச கதை."

கடைசியில் தலையாட்டினார். வாகனத்தில் ஏறப் போனவரை மனைவி மறித்தாள். "கொஞ்சம் பொறுங்கோ. நானும் வருவன். எனக்கு முன்னாலதான் சொல்ல வேணும்."

அவள் மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை, படகுகள் வந்து மீனை ஏலம் கூறும் நேரம். கரையில் சனம் நின்றது. பெட்டி அடுக்கும் பெண்கள், ஏலம் கூறுகிறவர், லொறிக்காரர், தெற்கிலிருந்து சீசனுக்கு வந்த சிங்களப் படகுக்காரர் சிலர். மனைவி வீட்டிலிருக்கும் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். வாடிக்குள் போய், சம்மாட்டியாரின் கதிரையை இழுத்து வெளியே போட்டு, அதில் இருந்தாள். வலக்கையை மடியில் விரித்து வைத்தாள். வழமையாக அதை முந்தானைக்குள் மறைத்து வைப்பவள்.

சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு மெஷினில ஏதோ நடந்து போச்சு. தம்பியில பிழை இல்லை" என்றார். காற்றில் பாதி போய்விட்டது.

"கேக்கேல்லை" என்றாள் மனைவி.

"தம்பியில பிழை இல்லை எண்டு சொன்னனான்."

"அது கேட்டது. மற்றது கேக்கேல்லை. வயரைச் சொல்லுங்கோ."

ஏலம் கூறுகிறவர் வாயை மூடிக்கொண்டார். சம்மாட்டியார் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"வயர் போட்டது நான் கூட்டிவந்த ஆள். போடச் சொன்னது நான். பொலிஸ் வர முதல் கழட்டினதும் நான்தான். இவனில... இவரில பொய் சொன்னனான்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. பின்னால நிக்கிறவைக்குக் கேக்காது."

அவர் திரும்பச் சொன்னார். இந்தத் தரம் குரல் உடைந்து கத்தலாக வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருடைய கழுத்து சிவந்து, காதுவரை ஏறியது. எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்கிறேன். வெயிலில் நெடுந்தூரம் வந்தவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவதுபோல இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்ல மாட்டாளா என்று ஏங்கினேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கிட்ட வந்தார்கள். "நாங்களும் கண்டனாங்கள் பிள்ளை. அந்த மெக்கானிக் வந்ததையும் கண்டனாங்கள், இவர் வயரைக் கழட்டிச் சாரத்துக்குள்ள செருகினதையும் கண்டனாங்கள். என்ன செய்யிறது, சீவியம்." ஏதோ பெரிய ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்கள். சம்மாட்டியார்மேல் இருந்ததைவிட அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பேர். நான் வாயைத் திறக்க முன் மனைவி சொன்னாள், "எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்." பிறகு தன்னோடு சோறு தின்றவளைப் பார்த்து, "அண்டைக்கு என்ர சாப்பாட்டுப் பெட்டி இஞ்சதான் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வராட்டிலும், அதைக் கழுவியாவது குடுத்தனுப்பியிருக்கலாம்" என்றாள். அந்தப் பெண் அழத் தொடங்கினாள். என் மனைவி அவளைத் தேற்றவில்லை.

சொன்ன சொல்லுக்கு நான் மெஷின் அறைக்குள் போனேன். காஸை முழுக்க ஒரு பக்கம் இழுத்து அடைத்துவிட்டுச் சூட்டு வால்வைத் திறந்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாகச் செதில்கள். ஒட்டும்போது குழாய்க்குள் நைதரசன் விடாமல் வெறுங்காற்றில் ஒட்டினால் இப்படித்தான் கரி உரியும். அந்தக் கரி போய் வால்வின் இருக்கையைக் கீறியிருந்தது. அந்த மெக்கானிக்கின் கைவேலை சம்மாட்டியாரின் மெஷினை உள்ளிருந்து தின்றிருந்தது. குழாய்களை ஊதிச் சுத்தம் செய்து, ஈரத்துணி சுற்றி, புது வால்வை ஒட்டினேன். பிரஷர் சுவிட்சில் திரும்பவும் ஒரு துண்டு வயர் இணைத்திருந்தது; அதைக் கழற்றி எறிந்து, சுவிட்சையும் புதிதாக மாற்றி, இருக்க வேண்டிய அளவில் வைத்து, பெட்டியைப் பூட்டி முத்திரைக் கம்பி போட்டேன். ஒரு பிழையும் விடவில்லை. தடித்த ஐஸ் விழுந்தது. சம்மாட்டியார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகம் தெளிந்தது.

வெயில் ஏறியது. கச்சான் காற்று அனலாக வீசியது. மத்தியானம் மெஷின் நின்றது.

"என்ன தம்பி, நிண்டிட்டுது?"

"கொண்டென்சர் அரிச்சுப் போச்சு எண்டு அப்பவே சொன்னனான். சூடு போக வழியில்லை. பிரஷர் கூடினா நிக்கும். நிக்கத்தான் வேணும். முழு கொண்டென்சரையும் மாத்தும்வரைக்கும் ஒவ்வொரு மத்தியானமும் நிக்கும்."

"முந்தி இப்பிடி நிக்கேல்லையே."

"முந்தி எப்பிடி நிக்காமல் ஓடினது எண்டு காலமைதானே சொன்னீங்கள்."

அவர் மெஷினைப் பார்த்தார், வெளியே கிடந்த மீனைப் பார்த்தார். "இந்தச் சீசனுக்கு மட்டும் ஏதாவது செய்யேலாதோ தம்பி? ஒரு சின்ன வய..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். வாசலில் என் மனைவி நின்றாள். அவள் சிரித்தாள். வாய்விட்டு, நெடுநேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

பழி தீர்க்க மெஷினைக் கெடுக்க வேண்டுமென்று நினைத்துத்தான் அந்தப் பாலம்வரை போயிருந்தேன். ஒழுங்காகத் திருத்தியதே அவரைக் கெடுத்தது. அவருடைய வியாபாரம் முழுக்க அந்தத் துண்டு வயரில்தான் ஓடியிருக்கிறது. புதுக் கொண்டென்சர் வரச் சீசன் முடிந்துவிடும் என்று கொம்பனி சொன்னதால், முத்திரையை உடைக்க அவர் ஆள் தேடினார். அன்று கரையில் அவர் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்ததால் ஒருவரும் கை வைக்க முன்வரவில்லை. சீசன் முடியும்போது மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்றார். அந்த அறையில் இப்போது வலைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

மனைவி இப்போது எங்கள் சங்கத்தில் ஐஸ் அளந்து கொடுக்கிறாள். படகுகளுக்குத்தான் முதலில், வியாபாரிகள் வரிசையில் நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் ஒழுங்கு. போன மாதம் ஒரு நாள் சம்மாட்டியார் தானே வந்தார். லொறி காத்து நிற்கிறது, கொஞ்சம் முந்தி விடச் சொல்லி என்னிடம் கேட்டார்.

"வரிசையில நில்லுங்கோ ஐயா" என்றேன்.

நின்றார். வெயிலில், பிளாஸ்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வியாபாரிகளுக்குப் பின்னால் நின்றார். மனைவி அவரைப் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் நிதானமாக அள்ளிப் போட்டாள். சவளை இடக்கையால் தள்ளி, மிச்சமிருக்கும் விரல்களால் வலக்கையில் தாங்கிப் பிடிப்பாள். அவருடைய முறை வந்தபோது தொட்டியில் ஐஸ் முடிந்துவிட்டிருந்தது. அதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அன்று நிறையப் படகுகள் வந்திருந்தன.

"முடிஞ்சுது. நாளைக்கு வெள்ளென வாருங்கோ" என்றாள் மனைவி.

அவர் வெறுங்கூடையோடு மணலில் கால் புதைய லொறிவரை நடந்து போனார். இரண்டு பேரும் அவர் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். மன்னித்துவிட்டாயா என்று யாராவது என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அவளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் திருக்கைக் குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டோம்.